டவர் பாறை

அவர் பெயரை நான் கேட்கவே இல்லை. சித்தேரி மலைப் பள்ளி ஒன்றின் வாத்தியார். இணையவழிப் பாடம் பற்றிய எங்கள் துறையின் ஆய்வில் அந்தப் பள்ளிதான் முதலிடம் என்பதால் நேரில் பார்க்கப் போனேன். வகுப்பில் பிள்ளைகள் மட்டும் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"சாரு டவர் பாறைக்குப் போயிருக்காருங்க" என்றாள் ஒருத்தி.

ஏறிப் போனேன். ஒல்லியான மனிதர், பிடரி வெயிலில் கறுத்திருந்தது. பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த பதினெட்டு டேப் கணினிகளையும் பாறையில் பரப்பிப் பாடத்தை ஓடவிட்டிருந்தார். ஒவ்வொன்றையும் சட்டை நுனியால் துடைத்து, சூடாகாமலிருக்கத் தேக்கிலையால் மூடினார்.

"பசங்க பாக்க வேணாங்களா?" என்றேன்.

"கீழ டவர் இல்லீங்க. இந்த வழுக்குப் பாறையில அதுங்கள ஏத்த முடியுங்களா? தினம் நாப்பது நிமிசம் ஓடலன்னா மெமோ வருதுங்க. நான் இங்க நின்னா அங்க பாடம் எடுக்க ஆளில்ல." நழுவிய ஓர் இலையைச் சரிசெய்தபடி கேட்டார்: "இந்த நாப்பது நிமிசத்த எந்தப் புண்ணியவானுங்க வெச்சது?"

"தெரியலீங்க" என்றேன்.

வைத்தவன் நான்தான். குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து எழுதினேன்.

அவர் ஓர் இலையை நீட்டி, என் பக்கத்து டேப்பை மூடச் சொன்னார். மூடினேன். அறிக்கையில் அந்தப் பள்ளி இன்னமும் முதலிடத்தில்தான் இருக்கிறது.