மீன்தொட்டியில் ஒரு சிவப்பு அல்லி

பின்னேரமாகும் நேரத்தில் எங்கள் வெள்ளவத்தை பிளாட்டுக்குள் கடல் வெளிச்சம் வரும். சுவரில் பட்டு, மீன்தொட்டிக்குள் இறங்கி, சிவப்பு அல்லியின் இலைகளை விளக்கு ஏற்றிவிட்டதுபோல ஒளிரவைக்கும். கரையோரம் ரயில் போனால் தண்ணீர் நடுங்கும், இலைகளும் நடுங்கும். என் மனுசன் தொட்டிக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பார். பாதி நித்திரையில் நானும் பார்ப்பேன்.

பாரிசவாதம் வந்து அவருக்கு வலப்பக்கம் விழுந்துபோனது. கால் மெல்ல வழிக்கு வந்தது. கை வரவில்லை. பயிற்சி கொடுக்க வரும் பிள்ளை ரப்பர் பந்தை நீட்டி, "ஒருக்கா அமத்துங்கோ அங்கிள்" என்று கெஞ்சும். "ஏலாது" என்பார். இப்போது பழக்காவிட்டால் கை அப்படியே இறுகிவிடும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். எனக்கு அந்தப் பயத்தில் சோறு இறங்காது. கத்தியும் பார்த்தேன், அழுதும் பார்த்தேன். மனுசன் அல்லியைத்தான் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து அல்லிக்கும் வருத்தம் வந்தது. இலை ஓரங்கள் கண்ணாடிபோல மெலிந்து கரைந்தன. நடுவில் ஓட்டைகள். தண்டைத் தொட்டால் கையோடு வந்தது. இதுவும் போனால் இவர் எதைப் பார்த்துக்கொண்டு இருப்பார் என்று பதறிப்போய்ப் பாமன்கடையில் இருக்கும் வளர்ப்பு மீன் கடைக்கு ஓடினேன். கடைக்கார முஸ்லிம் நானா என் போனில் படத்தைப் பார்த்துவிட்டு, "சத்து பத்தல மிஸ்" என்று வேருக்கு வைக்கும் உரக் குளிசை தந்தார். வைத்தேன். பிறகு நத்தை என்றார். பொறுக்கி எறிந்தேன். மேலே மிதக்கிற இலை வெளிச்சத்தை மறைக்கிறது என்றார். அதையும் வெட்டினேன். வருத்தம் ஒன்றுக்கும் அசையவில்லை.

அடுத்த முறை போனபோது படத்தைப் பெரிதாக்கினார்.

"கிழங்கு எங்க மிஸ்? அது மணலுக்கு மேல தெரியணும். வேர் மட்டும்தான் உள்ளுக்கு. மூடினா அழுகிப் போகும்."

"நான் மூடேல்லை!"

"அப்ப யாரு, மீனா மூடிச்சு?"

கோபத்தோடு வீட்டுக்கு வந்து குனிந்து பார்த்தேன். கிழங்கைச் சுற்றி மணல் அழகாகக் குவிந்து, தட்டி அமத்தியும் இருந்தது. விலக்கிவிட்டேன். கிழங்கின் ஒரு பக்கம் இளகியிருந்தது. மறுநாள் பார்த்தால் பழையபடி குவியல். இதென்ன கோதாரி என்று எனக்கு விசர் பிடித்தது.

அன்று பின்னேரம் கட்டிலில் நித்திரைபோல அரைக்கண் மூடிக் கிடந்தேன். திறந்திருந்த கதவால் தொட்டி தெரியும். வெளிச்சம் வந்தது. அவர் இடக்கையால் வலக்கையின் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, தொட்டிக்குள் இறக்கினார். பிறகு இடக்கையை எடுத்துவிட்டார். சிவப்பு வெளிச்சத்துக்குள் அந்த விரல்கள் தாமாகவே அசைந்தன. மெல்ல மெல்ல மணலைக் கூட்டின. மீன்கள் வந்து விரல்களை மோந்து பார்த்தன. கனவென்றே நினைத்தேன்.

"இஞ்சேருங்கோ! என்ன செய்யிறியள்?"

திடுக்கிட்டுப் போனார். "கிழங்கு வெளியில தெரியுது. மண் அணைக்காட்டி பச்சை பிடிச்சிடும். உமக்கு இது தெரியாதே?"

யாழ்ப்பாணத்தில் உருளைக்கிழங்குத் தோட்டத்துக்குள் வளர்ந்த மனுசன். அல்லிக்கும் அதே வைத்தியம்.

"அது கிடக்கட்டும். கை?"

"தண்ணிக்குள்ள பாரமில்லாமக் கிடக்கு."

"ஐயோ, ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னாப் பிறகு ஏலாமப் போச்செண்டால்?" என்றார்.

எனக்குச் சந்தோசம் ஒரு பக்கம், இந்த மனுசன் தனியாக எவ்வளவு பயந்திருக்கிறார் என்ற துக்கம் ஒரு பக்கம். மூடினால் அழுகும் என்று நானா சொன்னதை நான் அவருக்குச் சொல்லவே இல்லை.

இப்போதெல்லாம் பொழுதுபட அவர் குளிக்கப் போனதும் மணலை விலக்கிவிடுகிறேன். மறுநாள் கடல் வெளிச்சம் வரும்வரை கிழங்கு திறந்தே இருக்கும். அழுகல் நின்று, குருத்து ஒன்று சுருண்டு வந்திருக்கிறது.

"ஆரோ திருப்பியும் கிழங்கை வெளியில விட்டிருக்கினம்!" என்று நேற்றும் சத்தம் போட்டார்.

"அதுதானே, ஆரெண்டு தெரியேல்லை. நீங்களே ஒருக்காப் பாருங்கோ" என்றேன்.

இடக்கை மடியில் கிடக்க, வலக்கையைத் தானாகவே தூக்கித் தொட்டியின் விளிம்பில் வைத்தார்.