பதினாறாம் நம்பர் பந்தல்காரர்

போன் மணி அடித்தால் தாண்டவராயன் எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார். வாயைத் திறக்க மாட்டார். எதிர்முனையின் முதல் 'அலோ' எப்படி வருகிறது என்று கேட்பார்.

"கத்தி அலோன்னா கல்யாணம். முணுமுணுத்தா மத்தது. நாம முந்திக்கினு இன்னா விசேஷம்னு கேட்டுட்டா அசிங்கமாப் பூடும்."

சென்ற வாரம் நான் முணுமுணுத்தேன். "எத்தினி பெஞ்சு?" என்று மட்டும் கேட்டார்.

உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் அவருடைய பந்தல், பாத்திர வாடகைக் கடை. எக்ஸ்சேஞ்சில் நூறு எண்கள்கூட நிரம்பாத ஊரில் அவருக்குக் கிடைத்தது 91. வேண்டியது 16.

"பதினாறும் பெத்து வாழுன்னு கல்யாணத்துல சொல்றான். பதினாறாம் நாளு காரியம்னு சாவுல சொல்றான். ரெண்டுக்கும் சாமான் நம்முள்து. எவன் மறப்பான் இந்த நம்பர?"

அந்த எண் ஒரு டாக்டரிடம் இருந்தது. 'அவருக்குப் போன் போட்டா பதினாறுதான்' என்று ஊர் சிரித்துக்கொண்டிருந்ததால், கேட்டதும் டாக்டர் 91-ஐ மாற்றிக்கொள்ளக் கையெழுத்துப் போட்டுவிட்டார். மனு, இருவருக்குமான மாற்றுக் கட்டணம், புது போர்டு, புது பில் புத்தகம் எல்லாம் தாண்டவராயன் செலவு. "இந்தத் துட்டுக்கு நாலு அண்டா வாங்கிக்கலாம்" என்றார் மனைவி ஞானசுந்தரி. இருக்கிற அண்டாக்களில் எல்லாம் 91 என்று வெட்டியிருந்தது வேறு. அதற்கு மட்டும் தாண்டவராயன் காலணா செலவழிக்கவில்லை. ஒன்றைக் கவிழ்த்து வைத்து, "இப்ப படி" என்றார். பதினாறு.

ஆனால் டாக்டரின் நோயாளிகளும் பதினாறை மறக்கவில்லை. காய்ச்சல், பேதி, பிரசவ வலி எல்லாம் பந்தல் கடைக்கு வந்தன. எக்ஸ்சேஞ்சில் இணைப்புக் கொடுக்கும் சுலோச்சனாவிடம் முறையிட்டார். "பேர் சொன்னா பேருக்குக் குடுப்பேன். நம்பர் சொன்னா நம்பருக்குத்தான்" என்றார் அவர்.

"ஆளு பொழைக்கக் கூடாதுன்னே டாக்டர் போன வாங்கிக்கினான்யா" என்று டீக்கடையில் யாரோ சொன்னது தாண்டவராயனைத் தைத்துவிட்டது. "நம்ம போனால ஒரு உசுரு போச்சின்னு வையி, அப்பறம் எவன் கல்யாணத்துக்கு என்னக் கூப்புடுவான்? எம் பொண்டாட்டியே சோறு போட மாட்டா."

நேற்று பெஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். மணி அடித்தது. திருமுக்கூடல் தபால் நிலையத்திலிருந்து முனிரத்தினம் என்பவர். குரல் எனக்கே கேட்டது.

"டாக்டரே, அம்மாவுக்கு மூச்சி வாங்குது. கை காலு சில்லுன்னு கீது."

"தலைய ஒசத்திப் படுக்க வையி, நைனா. கும்பல் கூட வுடாத. டாக்டரு வந்துகினே கீறாரு."

பிறகு 91-ஐக் கேட்டார். எடுப்பாரில்லை. ரிசீவரைத் தொங்க விட்டுவிட்டு சைக்கிளில் பறந்தார். கால் மணி நேரத்தில் டாக்டரின் ஸ்கூட்டர் கடையைக் கடந்து திருமுக்கூடல் பக்கம் போனது. பின்னால் தாண்டவராயன், சட்டை நனைந்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

இதற்குள் கடையாள் அருள்தாஸ், இருபது வருஷப் பழக்கத்தில், கட்டை வண்டியில் மூங்கில்களை ஏற்றிக் கயிறும் கட்டி முடித்திருந்தார். "எப்டியும் கேப்பாங்களே, மொதலாளி."

தாண்டவராயன் துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டினார். வண்டிக் கயிற்றின் முடிச்சை அவிழ்த்து, மூங்கில்களை ஒவ்வொன்றாகத் தாமே இறக்கத் தொடங்கினார்.