ரேடியோ கொன்ற அண்ணி

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஊர் அதை எப்போதோ மறந்துவிட்டது. ஊருக்கு அவள் ரேடியோ. படைத்தவன் அணைக்கிற குமிழை வைக்க மறந்துவிட்டான் என்பார்கள். ஆனால் அவள் பிறவியிலேயே வாயாடி இல்லை. கல்யாணமான மூன்றாம் வருஷம் புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். ஒரு தகரப் பெட்டியோடு அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றவளை உள்ளே கூட்டிப்போனது அண்ணிதான். "அழணும்னா அழு. பேசணும்னா பேசு. வாயை மூடிக்கிட்டு மட்டும் உக்காந்திராதே" என்றாள் அண்ணி. பேச ஆரம்பித்தது அன்றைக்குத்தான். அதற்கப்புறம் நிற்கவில்லை.

அந்த ஊரில் நாற்பது வீடு, நாற்பதிலும் ஏதாவது ஒரு கைவேலை. ஒரு வீட்டில் பானை, அடுத்த வீட்டில் பாய், அதற்கடுத்ததில் நூல் கட்டி ஆட்டும் பொம்மை. அண்ணன் வீட்டில் ஆட்டக்காரர்கள் அணியும் முகமூடி. அண்ணன் மரத்தில் செதுக்குவார், அண்ணி வர்ணம் பூசுவாள். அரக்கனின் கோபமும் கோமாளியின் சிரிப்பும் உளியில் பாதிதான் வரும், மீதி அண்ணியின் தூரிகையில் இருந்தது.

வேடிக்கை பார்க்க வெளியூர்க்காரர்கள் பஸ் பஸ்ஸாக வர ஆரம்பித்தபோது, அவர்களை வீடு வீடாகக் கூட்டிப்போக ஒரு ஆள் வேண்டும் என்று ஊர்ச் சங்கம் கூடி யோசித்தது. யோசிக்க அதிக நேரம் பிடிக்கவில்லை. ரேடியோவின் கையில் ஒரு சிவப்புக் குடையைக் கொடுத்தார்கள். குடை எங்கே போகிறதோ அங்கே வாருங்கள், வழி தவறினால் சங்கம் பொறுப்பில்லை என்று ஒரு அதட்டல் போட்டுவிட்டு முன்னால் நடப்பாள். பானைக்காரர் வீட்டுப் பானை ஒன்று மாடியிலிருந்து விழுந்ததாம், பானைக்கு ஒன்றும் ஆகவில்லையாம், தரைதான் விரிசல் விட்டதாம். பாய்க்காரி பின்னுகிற பாயை நாலு பக்கமும் தூக்கிப் பிடித்தால் அதில் தண்ணீர் ஊற்றிப் பிள்ளையைக் குளிப்பாட்டலாமாம். ஒருநாள் ஒரு பெண்மணி நிஜமாகவே செம்பும் தண்ணீருமாக வந்துவிட, பாய்க்காரி ஒரு வாரம் முகம் கொடுக்கவில்லை. அந்த வாரம் முழுக்க இரண்டு பேருக்கும் சேர்த்து ரேடியோவே பேசினாள்.

பதினோராம் வகுப்பு வரை படித்தவள் என்பதால் எழுத்து முத்து முத்தாக இருக்கும். வாசலுக்கு வாசல் பெயர்ப்பலகை எழுதித் தந்ததும் அவள்தான். தன் வீட்டுப் பலகையில் அண்ணன் பெயரைப் பெரிதாக எழுதி, மூலையில் ஒரு பூவும் வரைந்து மாட்டினாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்த அண்ணி ஒன்றே ஒன்று கேட்டாள்.

"என் பேரு?"

"இடம் பத்தல அண்ணி. அதனால என்ன, அந்தப் பூ நீங்கதான்னு வச்சுக்குவோம்."

நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். அண்ணி சிரிக்கவில்லை. பத்து நாள் கழித்துத் தூரிகைகளைக் கழுவிக் காயவைத்து, துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, தங்கை இருந்த நகரத்துக்குப் போய்விட்டாள்.

வந்துவிடுவாள் என்று அண்ணன் ஒரு மாதம் இருந்தார். அவளாக வரட்டுமே என்று இன்னொரு மாதம். ரேடியோ பலகையைக் கழற்றி அடுப்பில் வைத்தாள். ஆனால் அந்தச் செய்தியைப் போய் அண்ணியிடம் சொல்ல அவளுக்குக் கால் எழவில்லை. ஊரில் அத்தனை பேருக்கும் பேச்சுத் துணை போனவளுக்கு, பேச வேண்டிய ஓரிடத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது.

அண்ணனுக்கு வர்ணம் பூச வராது. ஓர் அரக்கனுக்குப் பூசிப் பார்த்தார், அது பல்வலிக்காரன் மாதிரி ஆயிற்று. அதோடு விட்டுவிட்டார். முகமூடிகள் வெறும் மரமாகவே சுவரில் தொங்கின. ஏனம்மா இதற்கெல்லாம் கலரே இல்லை என்று ஒரு நாள் பஸ்ஸில் வந்த ஒருவர் கேட்டார். கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்று சொன்னால் ஏன் என்பார்கள். அது சுற்றிச் சுற்றிப் பலகையில் வந்து முடியும். ரேடியோ மூச்சு விடுகிற நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

"பூசிக்கிட்டிருந்தவங்க வெள்ளத்துல போயிட்டாங்க."

அந்த வருஷம் ஆற்றில் கணுக்கால் நனையத் தண்ணீர் இல்லை. இருந்தாலும் வெள்ளம் வந்தது, பஸ்ஸுக்குப் பஸ் ஏறியது. அண்ணி ஆற்றங்கரையில் வர்ணக் கிண்ணம் கழுவப் போனாள் என்றானது. அன்றிலிருந்து அண்ணன் எந்த முகத்துக்கும் வர்ணம் தொடவிடுவதில்லை என்றானது. கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆளுக்கொரு முகமூடி வாங்கிப்போனார்கள். பாய்க்காரிகூடத் தானும் அந்த வெள்ளத்தைக் கண்ணால் பார்த்ததாகச் சொல்ல ஆரம்பித்தாள். முதல் தடவை அந்தக் கதை காதில் விழுந்த அன்று அண்ணன் பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டார். பன்னிரண்டு வருஷமாக அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் அண்ணி தினமும் செத்தாள், அந்தப் பக்கம் அவர் செதுக்கிக்கொண்டிருந்தார். செத்தவளைப் போய் யார் கூட்டி வருவது?

போன மாதம் ஒரு மதியம் முப்பது பேரோடு ஒரு பஸ் வந்தது. ரேடியோ வழக்கம்போல் பானையை விழவைத்து, பாயில் பிள்ளையைக் குளிப்பாட்டி, கடைசியில் தன் வீட்டுக்கு வந்தாள். வந்தவர்கள் முகமூடியை எடுத்து முகத்தில் வைத்து ஒருவரை ஒருவர் படம் பிடித்துக்கொண்டார்கள். அவள் வெள்ளத்தில் பாதி தூரம் வந்திருந்தபோது, கூட்டத்தின் பின்னால் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண் ஒரு கோமாளியைக் கையில் எடுத்தாள். முகத்தில் வைக்கவில்லை. திருப்பிப் பிடித்து, கண் துவாரத்தின் ஓரத்தில் சுண்டுவிரலை மெல்ல ஓட்டினாள். அங்கே மரச் சிலாம்பு துருத்தியிருந்தால் தூரிகை மாட்டும். அது வர்ணம் பூசுகிறவர்களுக்கு மட்டுமே இருக்கிற வழக்கம்.

ரேடியோ அப்போதுதான் முகத்தைப் பார்த்தாள். கன்னம் ஒட்டியிருந்தது. மற்றவர்கள் தண்ணீர் பாட்டிலும் கையுமாக நிற்க, அவள் தோளில் துணிமணி பிதுங்கும் ஒரு பெரிய பை. ஒரு பகலுக்கு வந்தவளின் பை இல்லை அது. தனியாக வந்து கதவைத் தட்டத் தைரியம் இல்லாமல் பஸ் கூட்டத்தோடு கூட்டமாக வந்திருக்கிறாள்.

அண்ணிதான் என்று தெரிந்தும் வாய் நிற்கவில்லை. பன்னிரண்டு வருஷம் ஓடிய தடத்தில் அது தன்பாட்டில் ஓடியது. தண்ணீர் எப்படிச் சுழித்தது, கிண்ணங்கள் எப்படி மிதந்தன, எல்லாம் சொன்னாள். தன் சாவைக் கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள் அண்ணி. பிறகு கோமாளியைக் கையில் வைத்துக்கொண்டே, ரேடியோவை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"உடம்பு கிடைச்சுதா?"

இல்லை என்று ஒரு வார்த்தை போதும். இல்லை, தேடிக்கொண்டிருக்கிறோம், அண்ணன் கதவுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறார். இங்கே தனக்கு இன்னும் இடம் உண்டா என்றுதான் கேட்டாள். ரேடியோவுக்கும் அது புரிந்தது. ஆனால் அது எல்லாப் பஸ்ஸிலும் யாராவது கேட்கிற கேள்வி. அதற்குப் பன்னிரண்டு வருஷம் தேய்த்துப் பளபளப்பாக்கிய பதில் ஒன்று நாக்கு நுனியிலேயே இருந்தது. புத்தி எழுந்து வருவதற்குள் நாக்கு சொல்லிவிட்டது.

"கிடைச்சுது. மூணாம் நாள். கையில பிடிச்ச தூரிகையை விடவே இல்ல."

கூட்டம் உச்சுக்கொட்டியது. அண்ணி கோமாளியைச் சுவரில் இருந்த ஆணியிலேயே, கோணாமல் மாட்டினாள்.

"அப்ப சரி" என்றாள்.

திரும்பி நடந்தாள். பையின் வாயில் துணிச் சுருணை ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. அதிலிருந்து தூரிகைக் காம்புகள் நாலைந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

ரேடியோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினாள். குடை கையிலேயே இருந்தது. தெருமுனை திரும்பும்போது பின்னால் திபுதிபுவென்று சத்தம். குடை போகிற இடமெல்லாம் வரச் சொன்னவள் அவள்தானே. முப்பது பேரும் செருப்பு தேயத் தேய ஓடி வந்துகொண்டிருந்தார்கள். பெரிய சாலையில் ஒரு டவுன் பஸ் புறப்பட்டுக்கொண்டிருந்தது. அண்ணி படியில் ஏறுவது தெரிந்தது. "அண்ணி" என்று கூப்பிட்டாள். கூப்பிட்டுப் பன்னிரண்டு வருஷமான சொல், பஸ் இரைச்சலில் அமுங்கிப்போனது. பஸ் போய்விட்டது.

மூச்சு வாங்க அவளைச் சூழ்ந்து நின்றார்கள். வயதான ஒருவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு சாலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

"இங்க என்ன பார்க்கணும்மா?"

"ஒண்ணும் இல்லைங்க" என்றாள் ரேடியோ. அவள் வாயிலிருந்து அவ்வளவு சின்னப் பதில் அந்தத் தொழிலில் அதுவரை வந்ததில்லை.

அவர்களை அனுப்பிவிட்டு நேராகப் பட்டறைக்குப் போனாள். கதவைத் தட்டாமல் திறந்தாள். அண்ணன் முழங்கால் வரை மரச்சீவலில் உட்கார்ந்து ஒரு கிழவன் முகத்துக்கு நெற்றிச் சுருக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா. அண்ணி வந்திருந்தாங்க."

உளி நிற்கவில்லை.

"நிஜமா அண்ணா. பையோட வந்தாங்க. நான்தான்..." கேள்வியையும் பதிலையும் சொன்னாள். பஸ்ஸைச் சொன்னாள். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அப்படிச் சொல்லிப் பழக்கமில்லாததால் கதை பிசிறு பிசிறாக வந்தது.

அண்ணன் சீவலை ஊதித் தள்ளினார். "உன் கதையெல்லாம் வெளியில வச்சுக்கம்மா" என்றார். கோபம் இல்லை, அதட்டல் இல்லை. "வர்றவங்களுக்குச் சொல்லு. என்கிட்ட வேணாம்."

சத்தியம் செய்யலாம் என்று வாயெடுத்தாள். பஸ்ஸில் வந்தவர்களிடம் வெள்ளத்துக்கே அவள் எத்தனை சத்தியம் செய்திருக்கிறாள் என்பது அவருக்குக் கதவு வழியாகத் தெரியும். சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். கொட்டாப்புளி உளியைத் தட்டும் ஓசை மட்டும் கேட்டது. வெகு நேரம் கழித்து அதுவும் நின்றது. அண்ணன் கையிலிருந்த முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"உன் கதையில அவளுக்கு முடி நரைச்சிருந்துச்சா?"

"காதோரம் கொஞ்சம்."

"ம்" என்றார்.