ஏலத்தில் எடுத்த ஐஸ்கிரீம் பெட்டி

பேரம் பேசுவதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. பாண்டி பஜார் நடைபாதையில் பழகிய கர்வம். சொன்ன விலையில் பாதியைக் கேட்க வேண்டும். கடைக்காரர் முறைப்பார். நாம் நடையைக் கட்ட வேண்டும். பத்தடி போவதற்குள் "சார், இங்க வா சார்" என்று பின்னாலிருந்து குரல் வரும். பாதி விலைக்கு யாரும் சட்டென்று தலையாட்டிவிட மாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் அந்தக் கேள்வியே. எனக்குத் தேவையே இல்லாத சாமானைக்கூட அப்படிக் கேட்டுவிட்டு நடந்திருக்கிறேன், சும்மா ஒரு குஷிக்கு.

தொண்ணூற்றொன்பது டிசம்பரில் இந்தக் குஷியைக் கம்ப்யூட்டரிலும் காட்டப் போனேன். மயிலாப்பூரில் எங்கள் ஃப்ளாட்டின் சின்ன அறையில் அது புதிதாக வந்து உட்கார்ந்திருந்தது. இணையத்தில் ஏலம் விடும் தளம் ஒன்று அப்போது வந்திருந்தது. அதில் அடையாறிலிருந்து ஒருவர் ஐஸ்கிரீம் பெட்டி ஒன்றை விற்கப் போட்டிருந்தார். பேக்கரி வாசலில் நிற்குமே, மேலே கண்ணாடி மூடி, நான்கு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய பெட்டி, அது. எனக்கும் ஐஸ்கிரீம் பெட்டிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் அவர் எதிர்பார்த்த விலையில் பாதியை அடித்து பட்டனை அழுத்தினேன். யாராவது கூட்டிக் கேட்பார்கள், அல்லது அவர் "இன்னும் கொஞ்சம் போட்டுக் குடு" என்பார், நான் நடையைக் கட்டுவேன் என்பது என் கணக்கு.

யாரும் கூட்டிக் கேட்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் மெயிலைத் திறந்தால், பெட்டி என்னுடையது என்று வாழ்த்துச் சொல்லியிருந்தார்கள். விற்பவரின் போன் நம்பரை எனக்கும் என்னுடையதை அவருக்கும் கொடுத்திருந்தார்கள். அவர் இன்றே பேசுவாராம். மெயிலை உடனே மூடினேன்.

பயம் பெட்டியைப் பற்றியதல்ல, என் மனைவியைப் பற்றியது. அந்த ஒரு வருஷத்தில் நான் வாங்கிப் போட்ட தண்டச் சாமான்கள் பரணில் ஏறி உட்கார்ந்திருந்தன. வாசலுக்கு வந்த விற்பனையாளர் தலையில் கட்டிவிட்டுப் போன தூசி உறிஞ்சும் மெஷின் உட்பட. போன மாதம்தான் அவள், "இனிமே என்கிட்ட சொல்லாம ஒரு குண்டூசி வாங்கப்படாது" என்று சொல்லியிருந்தாள். நானும் அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தேன்.

அவள் வயலின் வாசிப்பவள். பக்கவாத்தியம். மூன்று மார்கழியாக மத்தியானக் கச்சேரிகளாகவே அவளுக்கு வாய்த்தன. அந்த நேரத்தில் பாட்டு கேட்கிறவர்களைவிட கேன்டீனில் இலைக்குக் காத்திருப்பவர்கள்தான் அதிகம். சாயங்காலக் கச்சேரி என்பது வேறு உலகம். பெரிய வித்வான்கள், நிறைந்த அரங்கு, முதல் வரிசையில் விமர்சகர்கள். ஒருமுறை அங்கே ஏறி நன்றாக வாசித்துவிட்டால் அடுத்த வருஷம் அவர்களே கூப்பிடுவார்கள். அந்த ஒரு முறைதான் வரவே இல்லை.

மெயில் வந்த அன்று காலை ஒன்பது மணிக்குப் போன் அடித்தது. அடையாறுக்காரர்தான் என்று நினைத்தேன். நல்லவேளை, சபா செயலாளர். என் மனைவி பேசிவிட்டு வந்தபோது முகமே மாறியிருந்தது. அன்று சாயங்காலம் வாசிக்க வேண்டிய வயலின்காரருக்குக் கார் கதவில் விரல் நசுங்கிவிட்டதாம். பத்து மணிக்கு டாக்டரிடம் காட்டுகிறார்களாம். வாசிக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டால் முதல் போன் இவளுக்குத்தான்.

"பதினொண்ணுக்குள்ள பண்ணுவாராம். நாம கிடைக்கலேன்னா அடுத்த ஆளைப் பார்க்கணும், போன்கிட்டயே இருங்கோன்னார்" என்றாள். உடனே கே.கே. நகரில் இருந்த தன் அம்மாவுக்குப் போன் போட்டு, "மத்தியானம் வரைக்கும் நீ பண்ணாதேம்மா, லைன் ஃப்ரீயா இருக்கணும்" என்று சொல்லிவிட்டு வைத்தாள். பிறகு உள்ளே போய்ச் சுருதி சேர்த்துக்கொண்டு தோடியை எடுத்தாள். ஹாலில் இருக்கிற போன் காதில் விழ வேண்டும் என்பதற்காகக் கதவைத் திறந்தே வைத்திருந்தாள்.

பத்து மணிக்குச் சற்று முன்னால் மறுபடி மணி அடித்தது. ஒரே பாய்ச்சலில் நான் எடுத்தேன்.

"ஹலோ, சார் கீறாரா? ஐஸ்கிரீம் பொட்டி நம்மள்து சார். நீங்கதான எடுத்துக்கீறது? இன்னிக்கே மீன்பாடி வண்டில ஏத்தி அனுப்பிர்றேன். அட்ரஸ் சொல்லு சார்."

வயலின் நின்றுவிட்டது. "யாரு, சபாவா?" என்று கேட்டுக்கொண்டே அவள் அறை வாசல்படிக்கு வந்துவிட்டாள்.

"அப்புறம் பேசறேன்" என்று போனில் சொல்லி வைத்துவிட்டு, "ராங் நம்பர்" என்றேன் அவளிடம்.

அவள் திரும்பிப் போனாள். அந்த மனிதர் பத்து நிமிடத்தில் மறுபடி அடிப்பார். அப்போது அவள் முந்திக்கொண்டால்? கச்சேரி வருமா வராதா என்று தவித்துக்கொண்டிருப்பவளிடம் மீன்பாடி வண்டியில் ஐஸ்கிரீம் பெட்டி வருகிறது என்று அவர் சொன்னால்? அதற்குள் இந்த ஏலத்தை ரத்து செய்துவிட வேண்டும். ஒரு பட்டனை அழுத்தி வாங்கியதை இன்னொரு பட்டனை அழுத்தித் திருப்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

அந்தக் காலத்தில் இணையம் வருவதும் போன் கம்பி வழியாகத்தான். கம்ப்யூட்டர் இணைப்பில் இருக்கும்வரை வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் எங்கேஜ்டு சத்தம்தான் கேட்கும். இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஐந்து நிமிட வேலை, அதற்குள் டாக்டர் எங்கே பார்த்து முடிக்கப் போகிறார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மோடம் கத்துகிற சத்தம் அவளுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று குளியல் துண்டை அதன் மேல் போட்டு அமுக்கினேன். திருடனுக்குக்கூட இவ்வளவு புத்தி இருக்காது.

பக்கம் அங்குலம் அங்குலமாகத் திறந்தது. ரத்து செய்வதற்கான படிவத்தைக் கண்டுபிடிக்கவே கால் மணி ஆனது. அதை நிரப்பி அனுப்பினால், விற்பவரும் சம்மதித்தால்தான் ரத்தாகும் என்று பதில் வந்தது. கதவு தட்டப்பட்டது.

"உள்ள என்ன பண்றேள்?"

"ஆபீஸ் லெட்டர் ஒண்ணு டைப் பண்ணிண்டிருக்கேன்."

"நெட் போடலையே?"

"சே, சே."

அவள் நம்பிவிட்டாள். தோடி மறுபடி ஆரம்பித்தது. அப்போதாவது நான் இணைப்பைத் துண்டித்திருக்க வேண்டும். ஆனால் துண்டித்த அடுத்த நிமிடம் அடையாறிலிருந்து போன் வரும் என்பதுதான் என் புத்தியில் நின்றது. லைன் எங்கேஜ்டாக இருக்கும்வரை அவரால் என்னைப் பிடிக்க முடியாது. சபாவாலும் முடியாது என்பது புத்தியின் ஓரத்தில் இருந்தது, அதை நான் திரும்பிப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டரை அப்படியே இணைப்பில் விட்டுவிட்டு, விற்பவரின் நம்பரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "காப்பிப்பொடி வாங்கிண்டு வரேன்" என்று கிளம்பினேன்.

தெருமுனை எஸ்.டி.டி. பூத்தில் எனக்கு முன்னால் ஒரு பெண்மணி பெங்களூரில் இருக்கும் மகளுக்கு ரசப்பொடி பக்குவம் சொல்லிக்கொண்டிருந்தார். தனியாவை எவ்வளவு வறுக்க வேண்டும் என்பது வரை நின்று கேட்டேன். அவர் வெளியே வந்தபோது மணி பத்து முப்பத்தைந்து.

"இன்னா சார், தமாசு பண்றியா?" என்றார் அடையாறுக்காரர், நான் சொன்னதைக் கேட்டுவிட்டு. "வெலைய கேட்டது நீ. நான் ஒன்னும் கூவிக் கூப்புடல. உன் வூட்டுக்கு அடிச்சிக்கினே கீறேன், எங்கேஜ்டு, எங்கேஜ்டு."

"தெரியாம அழுத்திட்டேங்க."

"மொத போணி சார் இது. கடைய மூடி ஆறு மாசம் ஆவுது. கம்ப்யூட்டர்ல போட்டா ஆளு வரும்னு மச்சான் சொன்னான், நான் நம்பல. நீ வந்த. காலீல எய்ந்து பொட்டிய தொடச்சி, கர்ப்பூரம் காட்டி வெச்சிக்கினு ஒக்காந்துகீறேன்."

ஒரு மனிதரின் முதல் வியாபாரத்தை விளையாட்டாகக் கேட்டுவிட்டு நடையைக் கட்டுகிறேன். வெட்கமாக இருந்தது. வேறு பொய் எதுவும் தோன்றாததால் உண்மையையே சொன்னேன். மனைவிக்குத் தெரியாமல் செய்தது, அவளுக்கு இன்று ஒரு பெரிய கச்சேரிக்குப் போன் வர வேண்டியது, அவள் போன் பக்கத்திலேயே காத்திருப்பது எல்லாவற்றையும்.

மறுமுனையில் அவர் பெட்டி மூடியைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"சம்சாரம் கச்சேரி வாசிக்குதா? அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா சார்? சரி, உடு. மச்சான்கிட்ட சொல்லி கேன்சல் பண்ணிட்றேன். நீ போய் போன கவனி."

ஓட்டமாக வந்தேன். இணைப்பைத் துண்டித்தபோது மணி பத்து ஐம்பது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாக அறுந்துபோகும் இணைப்பு, அன்று பார்த்து ஒரு மணி நேரம் அசையாமல் நின்றிருந்தது. கையில் காப்பிப்பொடி இல்லை என்பதை அவள் கவனிக்கவில்லை. வயலினை மடியில் வைத்துக்கொண்டு ஹாலிலேயே வந்து உட்கார்ந்திருந்தாள்.

பதினொன்று ஆனது. பதினொன்றே கால் ஆனது. "பாவம், விரல் சரியாயிருக்கும். அதுவும் நல்லதுதானே" என்றாள். அவள் நல்லவள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினொன்று நாற்பதுக்குப் போன் அடித்தது. நான் எழுவதற்குள் அவள் எடுத்துவிட்டாள். அடையாறுக்காரரின் குரல் பெரிய குரல், எனக்கே கேட்டது.

"யம்மா, சார் வூடுதான? கேன்சல் ஆயிடுச்சுன்னு சாராண்ட சொல்லிடும்மா. பொட்டிய வேற ஆளு பாத்துக்கலாம். காலீலேந்து உங்க லைனே கெடைக்கல. கச்சேரிக்குப் போன் வரணும்னு சார் சொன்னாரு. வந்துச்சாம்மா?"

அவள் என்னைப் பார்த்தாள். "இல்லே, வரலே" என்று அவரிடம் மெதுவாகச் சொல்லி வைத்தாள். பிறகு சபா நம்பரைச் சுழற்றினாள். செயலாளர் பேசுவது எனக்குக் கேட்கவில்லை. இவள் "ஓ" என்றாள், "ஆறு தடவையா?" என்றாள், "பரவாயில்லே மாமா, அவளும் நன்னா வாசிப்பா" என்றாள்.

வயலினைப் பெட்டியில் வைத்து, வில்லைத் தளர்த்தி, பட்டுத் துணியைப் போர்த்தி மூடினாள். நான் எல்லாவற்றையும் கொட்டினேன். பாதி விலை, பட்டன், துண்டு, பூத், ஒன்று விடாமல். கடைசியில், "முன்பின் தெரியாத அந்த மனுஷர்கிட்ட சொன்னேள். என்கிட்ட சொல்லத் தோணலே" என்றாள்.

"நீ கோபப்படுவியேன்னு..."

"ஐஸ்கிரீம் பெட்டிதானே? காலம்பற சொல்லியிருந்தேள்னா சிரிச்சிருப்பேன்."

இப்போதாவது சிரித்துவிடுவாளோ என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் போனை எடுத்து கே.கே. நகர் நம்பரைச் சுழற்றினாள்.

"அம்மா, நான்தான். இனிமே நீ எப்ப வேணா பண்ணலாம். லைன் ஃப்ரீயாதான் இருக்கு."