ஐந்து தொழில், ஒரு வரிசை

எனக்கு ஒரு வியாதி இருக்கிறது. எதையும் ஒரே இடத்தில் வைக்க என்னால் முடியாது. எங்கள் வீட்டுப் பூட்டுக்குத் திறப்பு மூன்று. ஒன்று கைப்பையில், ஒன்று அலுமாரிக்குள், ஒன்று பக்கத்து வீட்டில். ஒரு முறை கொழும்பில் கல்யாணம் என்று வெளிக்கிட்டபோது மகளை என் கணவரோடு ரயிலில் அனுப்பிவிட்டு, மகனைக் கூட்டிக்கொண்டு நான் பஸ்ஸில் போனேன். இரண்டில் ஒன்றாவது ஒழுங்காகப் போய்ச் சேரட்டும் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். கல்யாண வீடு முடியும்வரை மாமி என்னோடு கதைக்கவில்லை. அந்தக் கதையைச் சொல்லி என் கணவர் இன்றைக்கும் சிரிப்பார்.

அவர் எனக்கு நேர் எதிர். அவருக்கு ஐஸ்தான் எல்லாம். ஐஸ் தொழிற்சாலையில் கட்டி கட்டியாக வாங்கி, மீன்பிடித் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு ஸ்டோரில் உமி போட்டு மூடி வைத்து, அரைத்து, விடியப்புறமே வள்ளங்களுக்குக் கொடுப்பார். ஒரு சின்ன லொறி, ஒரு அரைக்கும் மெசின், அவர். தொழில் அவ்வளவுதான். சொந்தமாக ஐஸ் செய்யும் மெசின் ஒன்று போடவேண்டும் என்பது அவருடைய பல வருட ஆசை. அதற்கு இடம் பார்த்து, தண்ணீர் எங்கேயிருந்து வரும், வாசல் எந்தப் பக்கம் என்று கடதாசியில் கீறிக்கூட வைத்திருந்தார். சாப்பிடும்போதும் அதே கதைதான். நான் ஓம் ஓம் என்று சோறு போட்டுக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் காலையில் அந்த ஸ்டோர் வாசலில் அவர் விழுந்தார். நெஞ்சு நோ. நல்ல காலம், பக்கத்தில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இரண்டாம் நாள் அவருக்குச் சாரமும் துவாயும் எடுக்க வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்பும் வழியில், ஸ்டோரை ஒருக்கால் பார்ப்போம் என்று போனேன். பூட்டிய கதவுக்குக் கீழால் தண்ணீர் வந்து ரோட்டை நனைத்திருந்தது. உள்ளே திறந்து பார்த்தால் உமியும் தண்ணீரும் கலந்து ஒரு சேறு. அன்றைக்குக் கொடுக்கவேண்டிய ஐஸ் அவ்வளவும் போய்விட்டது. அந்தத் தண்ணீரில் செருப்போடு நின்றேன். ஒரு மனிதன் இரண்டு நாள் படுத்தால் எங்கள் சீவியம் முழுக்க இப்படி ரோட்டோரக் கானுக்குள் ஓடிவிடும் என்பது எனக்கு அதுவரை உறைக்கவேயில்லை.

கல்யாணத்துக்கு முந்தி நான் ஒரு நிதிக் கம்பனியில் கவுண்டரில் இருந்தவள். கொழும்பிலிருந்து ஒருவர் வந்து எங்களுக்கு வகுப்பு எடுத்தார். டைவர்சிபிகேசன் என்று ஒரு சொல்லை அன்றைக்கு நூறு தரமாவது சொல்லியிருப்பார். எல்லாவற்றையும் ஒன்றில் போடாதே, பிரித்துப் போடு, ஒன்று விழுந்தால் மற்றது தாங்கும். அவர் பிறகு இன்னும் ஏதோ முக்கியமாகச் சொன்னார். அதற்குள் தேநீர் வந்துவிட்டது. எனக்குப் பிடித்த பாதி எனக்குப் போதுமாக இருந்தது. என் வியாதிக்கு ஒரு மரியாதையான பெயர் கிடைத்த சந்தோசத்தோடு வீட்டுக்குப் போனேன்.

என் கணவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபிறகு ஒரு மாதம் பொறுத்தேன். அதற்குமேல் ஏலாமல் போய்விட்டது.

"இஞ்சருங்கோ, இனி ஐஸை மட்டும் நம்பி இருக்கேலாது. மெசினுக்கெண்டு சேத்ததை நாலு இடத்தில பிரிச்சுப் போடுவம்."

அவர் கதிரையில் இருந்தபடியே, "உம்மடை விருப்பம்" என்றார். அவ்வளவுதான். சண்டை பிடிப்பார் என்று நான் பதில்களெல்லாம் ஆயத்தப்படுத்தி வைத்திருந்தேன்; ஒன்றுக்கும் வேலை வரவில்லை. அவர் கீறி வைத்திருந்த கடதாசி பிறகு கண்ணில் படவில்லை. நானும் கேட்கவில்லை. நோய் வந்து மனிதர் வாயடங்கிப் போய்விட்டார், நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். அப்படி நினைத்ததை இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஆறு மாதத்துக்குள் எங்களுக்கு ஐந்து தொழில். ஐஸ் முதலாவது. கிண்ணியாவில் அவருக்குப் பழக்கமான, நானா என்று நாங்கள் கூப்பிடும் ஒரு முஸ்லிம் மீனவரோடு சேர்ந்து பைபர் வள்ளத்தில் பங்கு. தம்பலகாமத்தில் என் பெரியம்மாவின் மகனோடு சேர்ந்து ஒரு உழவு மெசின். வாடகைக்கு ஓட விட்ட ஒரு ஓட்டோ. உப்புவெளியில் வெள்ளைக்காரருக்கு விட இரண்டு அறை. கடல், வயல், ரோட்டு, சுற்றுலா என்று நாலு திசையிலும் ஒவ்வொரு கால் வைத்தாயிற்று என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அந்த நாட்களில் நான் ஒரு இடத்தில் இருந்ததாக ஞாபகமே இல்லை. குசினியில் நின்றால் போன், போனில் நின்றால் அடுப்பில் பருப்பு அடிப்பிடிக்கும். காலையில் நானாவிடம் கடல் எப்படி என்று கேட்க வேண்டும். தம்பலகாமத்து அண்ணாவிடம் வயலுக்குள் யானை வந்ததா என்று கேட்க வேண்டும். ஒரு நாள் அவசரத்தில் நானாவிடம் யானை வந்ததா என்று கேட்டுவிட்டேன். "கடலுக்க யானையா தங்கச்சி?" என்று அவர் சிரித்த சிரிப்பு கிண்ணியாப் பாலம் தாண்டிக் கேட்டிருக்கும். உப்புவெளிக்குப் போய் மெத்தை விரிப்பு மாற்றிவிட்டு, அங்கிருந்தே தம்பலகாமத்துக்கு பஸ் ஏறுவேன். பஸ்ஸில் இருக்கும்போது ஓட்டோக்காரன் எங்கே நிற்கிறானோ என்று நெஞ்சு அடிக்கும். களைத்துப்போய் வீட்டுக்கு வந்தால் அவர் தேநீர் ஊற்றித் தருவார். அதைக் குடித்து முடிக்குமுன் ஆறாவதாக ஒரு தொழில் செய்தால் என்ன என்று மனம் ஓடும். நிம்மதிக்காகத் தொடங்கிய ஓட்டம் இது. நிம்மதி எந்த பஸ் தரிப்பிடத்திலும் ஏறவில்லை.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும், என் கணக்குப் பிழைக்கவும் இல்லை. வாடைக்காற்றில் வள்ளம் கரையில் கிடந்தபோது வயல் வேலை வந்து உழவு மெசின் ஓடியது. கொரோனா வந்து அறைகள் இரண்டும் பூட்டிக் கிடந்தபோது மீன் கைவிடவில்லை. ஒவ்வொரு முறையும் அவரிடம் போய், பார்த்தீர்களா, பார்த்தீர்களா என்று நின்றேன். அவர் ஓம் என்று தலையை ஆட்டிவிட்டு ஐஸ் அரைக்கப் போய்விடுவார்.

பிறகு எண்ணெய்த் தட்டுப்பாடு வந்தது.

முதலில் ஓட்டோக்காரன் வந்து திறப்பைத் தந்துவிட்டுப் போனான், பெற்றோல் இல்லை. இரண்டு நாள் கழித்து அண்ணாவின் போன்; டீசல் இல்லை, மெசின் வரம்போரம் நிற்கிறது. உப்புவெளியில் வரவிருந்தவர்கள் வாகனம் கிடைக்காது என்று வரவில்லை. அன்று பின்னேரமே நானா போன் எடுத்தார்.

"தங்கச்சி, மண்ணெண்ணெய் ஒரு சொட்டும் இல்ல. வள்ளத்தைக் கரையில ஏத்திப்போட்டம். கோவிக்காதீங்க."

வள்ளம் போகாவிட்டால் ஐஸ் யாருக்கு? ஐஸ் எடுக்கப் போக லொறிக்குத்தான் டீசல் எங்கே? போனை வைத்துவிட்டு குசினி நிலத்தில் இருந்துவிட்டேன். அந்த வகுப்பில் தேநீர் வந்தபோது அந்த மனிதர் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான் என்று அப்போதுதான் விளங்கியது. ஒன்றாக விழக்கூடியவற்றை எத்தனை வைத்திருந்தாலும் ஒன்றுதான். நான் ஐந்து தொழில் செய்யவில்லை. எண்ணெய் என்ற ஒரே தொழிலை ஐந்து பெயரில் செய்துகொண்டிருந்தேன். அதுவும் சீனன்குடாவில் எண்ணெய் சேமிக்கும் அத்தனை பெரிய குதங்களை வைத்துக்கொண்டிருக்கும் ஊரில் இருந்துகொண்டு. கோபம் யாரில் வருவதென்று தெரியாமல் என்னிலேயே வந்தது.

அவர் லொறியைக் கொண்டுபோய் பெற்றோல் செட் வரிசையில் விட்டார். இரண்டாம் நாள் மத்தியானம் சோத்துப் பார்சலோடு நான் போனேன். வரிசை செட்டிலிருந்து வளைந்து, அடுத்த சந்தியையும் தாண்டி நின்றது. வெயில் கொதித்தது. எவரும் எஞ்சினை இயக்கவில்லை. மிச்சமிருக்கும் சொட்டை யார் வீணாக்குவார்கள்? வரிசை அசையும்போது ஆட்கள் இறங்கித் தங்கள் வாகனத்தைத் தள்ளினார்கள். நான் போய்ச் சேர்ந்த நேரம் அவர் லொறிக்குப் பின்னால் நின்று, இரண்டு கையையும் ஊன்றித் தள்ளிக்கொண்டிருந்தார். சேட்டு முதுகோடு ஒட்டியிருந்தது.

நான் ரோட்டென்றும் பார்க்கவில்லை. "விடுங்கோ! விசரே உங்களுக்கு? டொக்டர் என்ன சொன்னவர்?" என்று கத்தினேன். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

அவர் நிமிர்ந்து மூச்சு வாங்கினார். எனக்கு அந்த மூச்சை எண்ணத் தோன்றியது.

"விழுந்த நாளில இருந்து நீர் என்னை ஐஸ் கட்டியைப் பாக்கிற மாதிரித்தான் பாக்கிறீர்," என்றார். "எப்ப கரைஞ்சு முடியும் எண்டு."

குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் திருப்பிச் சொல்லியிருப்பேன்.

லொறி நிழலில் இருந்து சாப்பிட்டோம். எல்லாம் என் பிழை, மெசினைப் போட்டிருந்தால் இப்போது இப்படித் தெருவில் நிற்கத் தேவையில்லை என்று நான் புலம்பத் தொடங்கினேன்.

"மெசின் போட்டிருந்தால் கரண்ட் எங்க? ஒரு நாளைக்கு எத்தினை மணித்தியாலம் கட் எண்டு தெரியும்தானே," என்றார் அவர், கத்தரிக்காயைப் பிசைந்துகொண்டு.

"அப்ப அண்டைக்கு ஏன் ஒரு சொல்லும் சொல்லாமல் ஓம் எண்டனீங்கள்? அது உங்கடை ஆசையெல்லே. என்னோட சண்டை பிடிச்சிருக்கலாமே."

அவர் கையை வழித்து, தண்ணீர் குடித்து, மூடியைத் திருகினார். இதைச் சொல்வதா விடுவதா என்று யோசிக்கும்போது அவர் எப்போதும் அப்படித்தான் நேரம் எடுப்பார்.

"ஆஸ்பத்திரியில கிடக்கேக்க யோசிச்சனான். ஒரு ஐஸ் கட்டி ஐம்பது கிலோ. உம்மால தூக்கேலாது. நான் இல்லாமல் போனால் மெசினும் ஸ்டோரும் உமக்குப் பாரம்தான். அறை, ஓட்டோ, வள்ளத்துப் பங்கு எண்டால் நீர் போனிலயே வெருட்டி நடத்திப்போடுவீர். அதுதான் ஓம் எண்டனான்."

இத்தனை வருடமாக, அவரை நம்பி இருக்கப் பயந்து நான் ஓடிய ஓட்டத்தை என் கெட்டித்தனம் என்று நினைத்திருந்தேன். அவரோ தான் இல்லாத ஒரு நாளை எனக்காக இருந்து யோசித்து, தன் ஆசையை மடித்து எங்கேயோ வைத்துவிட்டு, அதைப்பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் தேநீர் ஊற்றித் தந்திருக்கிறார். நான் ஐந்தாகப் பிரித்துப் போட்டேன். அவர் தன்னிடம் இருந்த எல்லாவற்றையும் என் ஒருத்தியில் போட்டிருந்தார்.

நல்லதாக ஏதாவது சொல்லியிருக்கலாம். எனக்கு வந்தது கோபம்தான். "வாயை மூடுங்கோ. இல்லாமல் போறதும் மண்ணாங்கட்டியும். இனி உந்தக் கதை கதைச்சால் நடக்கிறது வேற," என்றேன். அவர் சிரித்தார். நான் முந்தானையால் முகத்தைத் துடைத்தேன்.

முன்னுக்கு யாரோ விசிலடித்தார்கள். வரிசை அசைந்தது.

"ஏறி ஸ்டீயரிங்கைப் பிடியும்," என்றார். பின்னால் நின்ற லொறிக்காரனும் இறங்கி வந்து ஒரு கை கொடுத்தான். தடுத்தாலும் கேட்கமாட்டார் என்று தெரிந்து நான் ஏறினேன். லொறி முதலில் அசையவில்லை. பிறகு மெல்ல உருண்டது. பக்கத்துக் கண்ணாடியில் அவருடைய நரைத்த தலையும் ஒரு தோளும் தெரிந்தன. தோள் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் திரும்ப ஏறுகிறதா என்று பார்த்தேன். ஐந்து தொழிலும் நாளைக்கே இல்லாமல் போனாலும் ஆறாவதாக ஒன்றைத் தேடிப்பிடிக்க எனக்குத் தெரியும். கண்ணாடியில் தெரிந்த அந்த ஆளுக்கு மட்டும் இரண்டாவது எங்கேயும் இல்லை. அவரை எப்படிப் பிரித்து வைப்பது?

"முன்னுக்குப் பாரும்! பிறேக், பிறேக்!" என்று அவர் கத்தினார். நான் பிறேக்கை மிதித்தேன்.