வண்டித் திரைக்குள் கண்ட புத்தளம்

போறணை அடுப்பில் பாண் ரொட்டி வேகும் மணம் வந்தால் அடுத்தது பெரிய பள்ளிவாசல். கருவாட்டு மணம் மூக்கில் ஏறினால், கடல் உள்ளே புகுந்து கிடக்கும் களப்பின் கரை. புத்தளம் பட்டினத்தை நான் முதலில் அறிந்தது இப்படித்தான், ஏனென்றால் அந்த நாளில் எங்கள் வீட்டுப் பெண்கள் வெளியே போவதானால் நாலு பக்கமும் சீலை கட்டிய "திரை வண்டி"யில்தான் போவார்கள். என் உம்மா திரையை விலக்கிப் பார்த்ததே இல்லை. ஆனாலும், "இந்தா உப்புச் சேத்து வைக்கிற கிட்டங்கி, முந்தி இங்கயிருந்துதான் தோணி தோணியா உப்புப் போனது" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வருவார்.

ஒரு மாரி காலத்தில் என் ராத்தாவுக்கு, அதாவது மூத்த அக்காவுக்கு, தலைப்பிள்ளை வலி கண்டது. மருத்துவிச்சி தொட்டுப் பார்த்துவிட்டு, "பிள்ள குறுக்கா கிடக்கு, சுணங்காம ஆசுபத்திரிக்குக் கொண்டு போங்க" என்றாள். வழக்கமான வண்டிக்காரருக்குக் காய்ச்சல். தில்லையடியில் எங்கள் வாசலுக்கு வந்தவரோ மதுரங்குளியிலிருந்து வந்த புது ஆள். ராத்தாவோடு உம்மாவும் நானும் ஏறினோம். பட்டினத்துக்குள் நுழைந்ததும் மழை கொட்டியது, கடைகளெல்லாம் பலகை போட்டு மூடிக் கிடந்தன, வழி கேட்க ஒருவரும் இல்லை. வண்டி நின்றுவிட்டது.

"ரோட்டு மூணாப் பிரியுது உம்மா. எதால போற?"

உம்மா மூச்சை இழுத்தார். "பாண் மணக்குது தம்பி. போறணைப் பொக எந்தப் பக்கம்?"

"வலப் பக்கம்."

"அப்ப அதாலயே விடுங்க. பள்ளி வந்ததும் சோத்துக்கைப் பக்கம் திருப்புங்க."

"நீங்க இந்த வழியப் பாத்திரிக்கீங்களா?"

"பாத்ததில்ல. நாலு தரம் வலியோட போயிரிக்கேன்."

"கதைய விட்டுட்டு வண்டிய விடச் சொல்லுங்க உம்மா!" என்று ராத்தா அலறினார்.

கொட்டிய மழையில் வண்டிக்காரருக்குப் பள்ளி கண்ணில் படாமல் போக, பாண் மணம் மெல்ல ஓய்ந்து வேறொன்று வந்தது. "உம்மா, கருவாடு மணக்குது!" என்று கத்தினேன்.

"யா அல்லாஹ், பள்ளியத் தாண்டிட்டோம்! திருப்புங்க தம்பி, திருப்புங்க!"

வண்டி திரும்பி வந்து பள்ளி முடுக்கில் குலுங்கி வளைந்தபோது ராத்தா என் இடக்கையை இறுக்கிப் பிடித்த பிடியில் என் கண்ணாடிக் காப்பெல்லாம் நொறுங்கிப் போயிற்று. அல்ஹம்துலில்லாஹ், தாயும் பிள்ளையும் தப்பினார்கள்.

அந்தப் பிள்ளைக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. ஆசுபத்திரிக்கு மருந்து எடுக்கப் போகும் நாளில் அவள்தான் என்னைத் தன் காரில் கூட்டிப் போகிறாள். திரை வண்டி இல்லை, கிட்டங்கி இல்லை, போறணை இருந்த இடத்தில் போன் விற்கிறார்கள். உம்மாவும் ராத்தாவும் மௌத்தாகிப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். போன கிழமை காரில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்த நான், "இதில திருப்பு மகள்" என்றேன்.

அவள் சிரித்தாள். "கண்ண மூடிட்டு எப்படி சாச்சி தெரியும்? இப்ப இங்க ஒண்டும் மணக்குதில்லயே."

கார் பள்ளி முடுக்கில் வளைந்தது. நான் என் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.