கை வைக்கேலாத விலைப்பட்டியல்

பிடிஎஃப்பில பூட்டி வைச்ச விலை ரேபிளை ஸ்பிறெட்சீற்றுக்குள்ள கொண்டுவாற மாதிரி பொறுமையைத் தின்னுற வேலை உலகத்தில வேற இல்லை. கொப்பி பண்ணி ஒட்டின உடன எல்லாம் குழம்பி நிக்க, திரையைப் பாத்துத் திட்டித் தீர்த்த ஆக்களே, இது உங்களுக்குத்தான். தொண்ணூறுகளின்ர கடைசியில, கனடாவில, மிசிசாகாவில குழாய்ச் சாமான் விக்கிற ஒரு கொம்பனியில நான் பட்ட பாட்டைக் கேளுங்கோ. இப்ப நினைச்சாலும் பத்திக்கொண்டு வருது.

தெரியும் எண்டு சொல்லு

அந்த வேலை ரெம்பறரி, எப்பவும் நிப்பாட்டலாம். எனக்குத் தேவைப்பட்டது பேமனன்ற் எண்டு எழுதின ஒரு கடிதம். அம்மாவும் அப்பாவும் கொழும்பில, வெள்ளவத்தையில ஒரு லொட்ஜ் அறைக்குள்ள கிடந்தவை. கதவில ஆரும் தட்டினா, பொலிஸ் எண்டு பயந்து அடையாள அட்டையைக் கையில எடுத்துக்கொண்டுதான் திறக்கிறவை. அவையைக் கனடாவுக்கு ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிட நிரந்தர வேலைக் கடிதம் வேணும். அது இல்லாட்டி ஒண்டும் நடக்காது.

கொம்பனியில சாமான் ஏத்துற பகுதியில சிவம் அண்ணை வேலை. நான் ஸ்காபரோவில, வோபர்ன் பக்கம் இருந்தன். அவரும் அங்கதான் எண்டபடியா அவற்ற காரிலதான் போய் வாறனான். இன்ரவியூவுக்குக் கூட்டிக்கொண்டு போகேக்கை, என்ன கேட்டாலும் தெரியும் எண்டு சொல்லு, பிறகு பழகலாம் எண்டார். எங்கட சனம் முழுக்க அப்பிடித்தானே வேலை எடுத்தது! மனேஜர் கெவின், ஸ்பிறெட்சீற் தெரியுமோ எண்டான். ஓம் எண்டன். விலைப்பட்டியலை அதுக்குள்ள ஏத்துவீரோ எண்டான். அதுக்கும் ஓம். திரும்பி வரேக்கை, எனக்கு ஒரு கோதாரியும் தெரியாது அண்ணை எண்டு அழாக்குறையாச் சொன்னன். சிவம் அண்ணை ஸ்ரியறிங்கில தட்டித் தட்டிச் சிரிச்சார்.

“தெரியாது எண்டு சொல்லுறவனுக்கு இந்த நாட்டில கக்கூஸ் கழுவவும் வேலை குடுக்க மாட்டாங்கள், பிள்ளை!”

எல்லாம் ஒரே கட்டத்துக்குள்ள

மாசாமாசம் மொன்றியல் ஒஃபிஸில இருந்து விலைப்பட்டியல் பிடிஎஃப்பா வரும். கண்ணால பாக்கலாம், பிறின்ற் எடுக்கலாம், ஒரு எழுத்தை மாத்தேலாது. அதை ஸ்பிறெட்சீற்றில ஏத்தினாத்தான் கெவின் தன்ர லாபத்தைச் சேர்த்து ஒன்ராறியோ விலை போடலாம்.

கொப்பி பண்ணி ஒட்டினன். சாமானின்ர பேர், நம்பர், சைஸ், விலை எல்லாம் ஓடிப்போய் ஒரே நிரலுக்குள்ள நெரிஞ்சுகொண்டு நிண்டுது. ரெண்டு வரியில இருந்த பேர் ரெண்டு சாமானாப் போச்சு. பக்கத்துக்குப் பக்கம் வாற தலைப்பும் சாமான் மாதிரி நடுவில வந்து குந்திக்கொண்டுது. ஆரிட்டயும் கேப்பம் எண்டா, தெரியும் எண்டெல்லோ சொல்லிப்போட்டன்! வேற வழியில்லாமல் பிறின்ற் எடுத்து வைச்சு, வரி வரியா ரைப் பண்ணினன். விரலும் கழுத்தும் விறைச்சுப் போச்சு. அந்த நேரம் பாத்துக் கெவின் கோப்பிக் கோப்பையோட வந்து, என்ர தோளுக்கு மேலால எட்டிப் பாத்தான்.

“ஏன் ரைப் பண்ணுறீர்? கொப்பி, பேஸ்ற், அவ்வளவுதானே!”

கோப்பியை அவன்ர தலையில ஊத்தியிருக்க வேணும்.

எல்போவுக்கு வந்த திகதி

குழாய் முடக்குக்குப் போடுற எல்போ தொடங்கி எங்கட சாமான் நம்பரெல்லாம் 3-12, 4-7 எண்டுதான் இருக்கும். இந்தச் சனியன் பிடிச்ச ஸ்பிறெட்சீற் என்ன செய்யும் எண்டு தெரிஞ்ச ஆக்கள் இப்பவே தலையில கை வைச்சிருப்பியள். 3-12 எண்டு நான் அடிக்க, அது தன்ர பாட்டில மார்ச் பன்னிரண்டு எண்டு மாத்திப்போட்டுது. நான் பேப்பரைப் பாத்து அடிக்கிறன், திரையை ஆர் பாத்தது? கெவினும் பாக்காமல் கடை கடையா ஃபக்ஸ் அடிச்சுப்போட்டான்.

அடுத்தநாள் போன் அடங்கேல்லை. கெவின் எல்லாத்தையும் என்ர மேசைக்குத் திருப்பிவிட்டான். ஸ்காபரோவில ஹாட்வெயர் கடை வைச்சிருக்கிற தமிழ் முதலாளி ஒருத்தரும் எடுத்தார். தமிழ்க் குரல் எண்டவுடன அவருக்கு இன்னும் வசதியாப் போச்சு.

“தங்கச்சி, மார்ச் பன்னிரண்டு எண்டு எல்போ எந்த ஊரில விக்கிறவை? நீங்கள் அனுப்பினது விலைப்பட்டியலோ பஞ்சாங்கமோ?”

பாப்பம்

ஒரு லிஸ்ற் முடியிறதுக்குள்ள அடுத்தது வந்திடும். செக்குமாடு மாதிரிச் சுத்தினன். போதாக்குறைக்கு, நான் குடுக்கிற ஸ்பிறெட்சீற்றைக் கெவின் பிறின்ற் எடுத்து, அது கூட்டிக் காட்டின தொகையைத் திரும்பக் கல்குலேற்றரில கூட்டிப் பாப்பான்! அந்த ரக் ரக் சத்தம் கேக்கக் கேக்க எனக்கு விசர் வரும்.

அம்மா போனில, என்னவாம் பிள்ளை, கடிதம் தாறாங்களாமோ எண்டு ஒவ்வொருக்காலும் கேப்பா. லொட்ஜில ரெண்டு பேரைப் பொலிஸ் விசாரணைக்குக் கொண்டு போயிட்டுதாம் எண்டு ஒருநாள் மெதுவாச் சொன்னா. அண்டைக்கே கெவினிட்டப் போய்ப் பேமனன்ற் கதையை எடுத்தன். அவன் தலையை நிமித்தேல்லை.

“இந்த மாச லிஸ்ற் முடியட்டும் மாலா, பாப்பம்.”

எல்லா மாசமும் இதே பல்லவிதான்.

மொன்றியல் பெட்டை

ஒருக்கா வந்த லிஸ்ற்றில ஒரு பக்கம் வெறுமையாக் கிடந்துது. வந்த கோவத்தில, ஆரிட்டயும் கேளாமல் நானே மொன்றியலுக்குப் போன் அடிச்சன். லிஸ்ற் செய்யிற ஜோசியான் எடுத்தாள். நல்ல மனிசி. அந்தப் பக்கத்தைத் திரும்ப அனுப்புறன் எண்டவள், அதை வைச்சு என்ன செய்யிறனீங்கள் எண்டு கேட்டாள். ரைப் பண்ணுறன் எண்டன். ஐயோ, ஏன் எண்டாள். பிறகு, தான் அதைச் செய்யிறதே ஸ்பிறெட்சீற்றிலதான், கடைசியிலதான் பிடிஎஃப் ஆக்கிறனான் எண்டாள். ஏனடியப்பா ஆக்கிறாய் எண்டு கத்தியே போட்டன்.

“உங்கட கெவின்தான், கடைக்காரர் விலையை மாத்திப்போடுவினம், ஆரும் கை வைக்கேலாத மாதிரி அனுப்பு எண்டு கேட்டவர்.”

முதல் கடிதம்

ஜோசியான் டிஸ்கெற் ஒண்டில ஸ்பிறெட்சீற்றாவே போட்டு என்ர பேருக்கு அனுப்பிவிட்டாள், இனி மாசாமாசம் அப்பிடியே வருமாம். காருக்குள்ள அதைச் சிவம் அண்ணைக்குக் காட்டினன். மனிசன்ர முகம் கறுத்துப் போச்சு.

“உந்த டிஸ்கெற்றை ஹைவேயில எறி, பிள்ளை. வேலை கெதியா முடிஞ்சா, உன்னையும் கெதியா முடிச்சுப்போடுவாங்கள்!”

அவர் சொன்னது பொய்யில்லை. அது விளங்கினபடியாத்தான் எனக்கு இன்னும் கொதிச்சுது. அடுத்தநாள் விடியவே கெவின்ர அறைக்குள்ள போய், கதவைச் சாத்தினன். இனி லிஸ்ற் வந்த அண்டைக்கே முடிச்சுத் தருவன், மிச்ச நேரம் போனில ஓடரும் எடுக்கிறன், ஆனா முதல் எனக்குப் பேமனன்ற் கடிதம் வேணும் எண்டன். அவன் பாப்பம் எண்டு வாயெடுத்தான். பாக்கிறதெல்லாம் பாத்து முடிஞ்சுது, இப்ப கையெழுத்து எண்டன். என்ர குரல் எனக்கே புதுசா இருந்துது. கடிதத்தையும் நானே ரைப் பண்ணிக் கொண்டுபோய் வைச்சன். முழுசிப்போட்டுக் கையெழுத்து வைச்சான்.

கடிதம் கைப்பைக்குள்ள போனாப்பிறகுதான் டிஸ்கெற்றை வெளியில எடுத்தன். ஆரும் கை வைக்கேலாத மாதிரிக் கேட்டது நீங்கள்தானாம், அதுக்குள்ள என்ர கைதான் முறிஞ்சுது எண்டு முகத்துக்கு நேர சொன்னன். அவன் வெக்கப்படுவான் எண்டு பாத்துக்கொண்டு நிண்டன். அவன் டிஸ்கெற்றைத் திருப்பித் திருப்பிப் பாத்தான்.

“அப்பிடியோ கேட்டனான்? ஆனா, அந்த ரேபிள் பாக்க நல்ல வடிவா இருந்துதுதானே!”

பல்லைக் கடிச்சுக்கொண்டு நல்ல பிள்ளையா இருந்த மாசமெல்லாம் கிடைக்காத கடிதம், ஒருக்காச் சண்டைக்காரியா நிண்டவுடன கிடைச்சு அம்மாவையும் அப்பாவையும் ரொறன்ரோவில கொண்டுவந்து இறக்கினது எண்டால், எங்களுக்கு ஏனடாப்பா சின்னனில இருந்து அடக்கஒடுக்கத்தைப் பழக்கினவை?